இரண்டு நொடி வந்து போனவர்கள்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'இணையதள வருகைக் கணக்கிலிருந்து பாட்களை வடிகட்டும்போது கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று நான் சொல்லப் போனால் நீங்கள் மேசைக்கு அடியில் குனிந்து சிரிப்பீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் கதைதான் வரும், அது ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணினி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் தரப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் வரும் ஒவ்வொரு பீஸையும் எடுத்து, கேஜ் என்கிற அளவுத் துண்டில் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் பச்சைத் தொட்டி, நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டி. ஒருநாள் காலையிலிருந்து வந்தது எல்லாமே சிவப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு குறையையும் கண்டுபிடித்துவிட்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. சூப்பர்வைசர் வந்தார். பீஸ்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கேஜை வாங்கிச் சட்டையில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்விளிம்பில் முடியளவு பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பீஸு தப்பா, உன் கேஜு தப்பா? அத்த மொதல்ல பாரு. செவப்புத் தொட்டி குப்பைத் தொட்டி இல்ல" என்றார்.

அதனால்தான் சிவப்புத் தொட்டியைப் பூட்டி, நாள் போட்டுச் சில நாள் வைத்திருப்பார்கள். அன்று அதிலிருந்த அத்தனையும் நல்ல பீஸ், திரும்பப் பச்சைக்குப் போயின. அவர் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் நான் செய்த தப்பைத்தான் சொல்ல வருகிறேன்.

தொழிற்சாலையை விட்ட பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன இணையதளத்தில் சேர்ந்தேன். தெற்கத்தி ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கே அறை கிடைக்கும், எந்த ஹாஸ்டலில் இடம் இருக்கிறது, வேன் எத்தனை மணிக்கு என்று சொல்லும் தளம். ஒரு மெஸ்ஸுக்கு மேலே மாடியில் அலுவலகம். பதினோரு மணிக்குச் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தால் அதற்குமேல் யாருக்கும் வேலை ஓடாது. மூன்றே பேர்: முதலாளி, நான், போன் எடுக்கிற முத்துலட்சுமி. முத்துலட்சுமி பிள்ளைப்பாக்கத்துப் பெண். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவாள்.

என் ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை. மதிய வெயிலில் தார் மேல் தண்ணீர் நிற்பதுபோலத் தெரியும், அதன் மேல் டிரெய்லர் லாரிகள் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு மெல்ல மிதந்து போகும். உள்ளே என் திரையில் வருகைக் கோடு எழும்பும், இறங்கும். சில மதியங்களில் எது வெளியே எது உள்ளே என்று தெரியாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்கோ யாரோ ஒருவர் அறை தேடுகிறார், அதுதான் இந்தச் சின்ன ஏற்றம். யாரோ தேடி அலுத்து மூடிவிட்டார், அது இந்த இறக்கம். முகம் தெரியாத அத்தனை பேர் என் எதிரே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். முதலாளி பார்த்தால் தூங்குகிறேன் என்றுதான் நினைப்பார். பாதி அது உண்மைதான்.

ஒரு மாதம் அந்தக் கோடு மளமளவென்று ஏறியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து ஹாஸ்டல்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் எந்த ஹாஸ்டலுக்கும் ஒரு போன்கூட வரவில்லை. ஒரு ஹாஸ்டல்காரர் படியேறி வந்து, "ஒன்னோட ஆளுங்கோ அத்தினி பேருல ஒருத்தர்கூட எங்க வூட்டாண்ட வரலியே, வழி தெரிலயா?" என்று சிரித்துவிட்டுப் போனார். முதலாளியின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து தோண்டினேன். வந்தவை முக்கால்வாசி பாட்கள். மனிதர்போல வந்து பக்கம் பக்கமாகத் திறந்து போகும் நிரல்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒரே அக்கறையோடு படிக்கும். தீபாவளிக்கும் வரும். விடிய விடிய வரும். எந்திரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி அதுதான் என்று அன்று நான் நோட்டில் எழுதிவைத்தேன்: அது தூங்காது.

முத்துலட்சுமிக்கு பாட் என்ற சொல் வாயில் நிற்காது. "அக்கா, இன்னிக்கு எத்தினி பாட்டு வந்துச்சு?" என்று காலையில் பையை வைக்கும்போதே கேட்பாள். எனக்கு ரோஷம். இனி ஒரு பாட்டும் என்னை ஏமாற்றக்கூடாது என்று விதிகளை எழுத ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கோட்டில் ஒரு முள்ளைப் பார்த்தேன். தினமும் மதியம் இரண்டரைக்கு நட்டுவைத்த ஊசிபோல ஒரு ஏற்றம். இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். அத்தனையும் ஒரே இணைய முகவரியிலிருந்து, பெரும்பாலும் ஒரே மாதிரி போனிலிருந்து, ஒரே பக்கத்துக்கு. வந்தவர் இருப்பது இரண்டு நொடி, கீழே ஒரு வரிகூட நகர்த்துவதில்லை. ஞாயிறு மட்டும் வராது. அந்த ஞாயிறு என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

அது 'இன்று எந்த கேட்' என்கிற பக்கம். வல்லம் வடகாலில் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு முன் கேட், பின் கேட் என்று இரண்டு வாசல். எந்தப் பக்கம் டிரெய்லர்கள் அடைத்து நிற்கின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கம் அன்றைக்கு வேன்கள் நிற்கும். முத்துலட்சுமி மதியம் டிரைவர்களிடம் கேட்டு, 'முன் கேட்' அல்லது 'பின் கேட்' என்று தட்டிவிடுவாள். பக்கத்தில் அந்த இரண்டே சொல்தான் இருக்கும்.

ஒரே நிமிடம், ஒரே முகவரி, ஒரே போன், இரண்டு நொடி என்றால் அது பாட்தான் என்று விதி எழுதினேன். அப்படிப்பட்ட வருகை கணக்கில் சேராது. சேராததோடு விடவில்லை, எங்கும் பதிவாகவே ஆகாதபடி வாசலிலேயே வெட்டிவிட்டேன். அந்த முகவரியிலிருந்து வருபவருக்கு ஒரு சோதனையையும் வைத்தேன். 'நீங்கள் எந்திரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டு ஒன்பது சின்னப் படங்களைக் காட்டும். ஊசி மறைந்தது. கோடு அழகாக, ஏரித்தண்ணீர்போல அமைதியாக ஓடியது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தூக்கம் வந்தது, அவ்வளவு நிம்மதி.

நான்கு மாதம் அப்படியே போனது. இரண்டரை மணிக்கு மட்டும் முத்துலட்சுமியின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்திருந்தது. பேஜ் வரவில்லை என்கிறார்கள் என்று அவள் சொல்வாள், நெட் பிராப்ளமாக இருக்கும் என்று நான் சொல்வேன். ஒருநாள் அவள் என் மேசைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, நெட்டு பிராப்ளம்னா ஒருத்தருக்கு வரும், ரெண்டு பேருக்கு வரும். எல்லாம் பொண்ணுங்கோக்கா. ஒரே மாதிரி சொல்லிக்கினு கீதுங்க" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அந்த மாத அறிக்கையில் கேட் பக்கத்துக்கு ஆளே வருவதில்லை என்று எழுதினேன். ஒன்றாம் தேதியோடு அதை எடுத்துவிட்டு ஹாஸ்டல் விளம்பரம் போடலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

மறுவாரம் ஒரு மதியம், முத்துலட்சுமி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன். தெற்கத்திப் பேச்சு, ஓடி வந்து நின்றவளின் மூச்சு. பெயர் இசக்கியம்மாள் என்றாள். அந்தத் தொழிற்சாலையில் காலை ஆறு மணி ஷிப்ட். இரண்டரைக்கு முடிந்ததும் வேன் பிடித்துத் தண்டலத்துக்குப் போய், வேலை பார்ப்பவர்களுக்காக நடக்கும் டிப்ளமோ வகுப்பில் உட்கார வேண்டும். இன்றைக்கு வேனை விட்டுவிட்டாள். வருகைப்பதிவு குறைந்துகொண்டே வந்து, இனி ஒரே ஒரு நாள் போகாவிட்டாலும் ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"பேஜைத் தொறந்தா நீ மெஷினான்னு கேக்கு மேடம். செவப்பா குட்டையா ஒரு கொழாய் நிக்கி, அதைத் தொடச் சொல்லுது. அது என்ன கொழாய்னே எனக்குத் தெரியல. தொட்டுத் தொட்டுப் பாக்கதுக்குள்ள வேன் போயிருது" என்றாள். வெளிநாட்டுத் தெருவோரங்களில் நிற்கும் தீயணைப்புக் குழாய் அது. அவள் கொஞ்சம் நிறுத்தி, "நான் மனுஷிதான்னு வேற எங்க வந்து சொல்லணும் மேடம்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட கேட்கவில்லை. நிஜமாகவே இடம் கேட்டாள்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த நிமிடமே விதியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு முதலாளி ஒரு பெரிய ஹாஸ்டல்காரரிடம் எங்கள் திரையை நேரடியாகக் காட்டப் போகிறார். கதவைத் திறந்து, மறுபடியும் பாட்கள் கொட்டி, மறுபடியும் ஹாஸ்டல்காரர்களின் சிரிப்புக்கு ஆளானால் என்ன செய்வது? ஒரு போன் குரலை நம்பி எப்படித் திறப்பது? கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிதானம் என்று அதற்குப் பெயரும் வைத்தேன். இப்போது சொல்கிறேன், அது பயம்.

மறுநாள் இரண்டு மணிக்கு, முத்துலட்சுமி பக்கத்தில் 'பின் கேட்' என்று தட்டுவதைப் பார்த்துவிட்டு, என் ஸ்கூட்டரில் வல்லம் வடகாலுக்குப் போனேன். முன் கேட்டுக்கு உள்ளே ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவர் முழுக்கத் தேன்கூட்டு அறைகள்போலச் சின்னச் சின்ன லாக்கர்கள். வாட்ச்மேனிடம் என்னவென்று கேட்டேன். "போன் லாக்கரும்மா. கேமரா இருக்குதுன்னு உள்ள உடமாட்டாங்கோ. காலைல வெச்சுட்டுப் போவுங்க, ஷிப்ட் உட்டா எடுக்குங்க. வைபைகூட கீது இங்க" என்றார். நான் லைனில் இருந்த காலத்தில் எங்களில் ஒருத்தியிடமும் போன் கிடையாது. கேமரா போனும் அதற்கான பூட்டும் நான் போன பிறகு வந்தவை.

சங்கு ஊதியது. நீல மேல்சட்டை போட்ட பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், லாக்கர்களைத் திறந்தார்கள், போன்களை எடுத்தார்கள். அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. வெயிலில் கொட்டகை முழுக்க சின்ன வெளிச்சங்கள் பொட்டுப் பொட்டாக ஏற்றப்பட்டன. ஹாஸ்டல் தெருவில் இருக்கும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி போன்கள். எல்லாமே கொட்டகையின் ஒரே வைபையில், அதனால்தான் ஒரே முகவரி. நான் வரைபடத்தில் பார்த்த ஊசி இதுதான். நான்கு மாதமாக வெட்டி எறிந்த அத்தனை பேரும் எனக்கு எதிரே நின்றுகொண்டு, வியர்வையோடு, குட்டையான ஒரு சிவப்புக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நொடியில் போய்விடுகிறார்களே என்றுதான் நான் சந்தேகப்பட்டேன். போகாமல் என்ன செய்வார்கள்? அந்தப் பக்கத்தில் படிக்க இருந்தது இரண்டே சொல். வேனோ பத்து நிமிடம்தான் நிற்கும்.

முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன், எங்கேஜ்டு. இல்லாமல் இருக்குமா, எனக்கு முன்னால் நிற்கிறவர்கள்தானே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தோன்றவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினேன்.

"பின் கேட்டும்மா! இன்னிக்கு வேன் பின் கேட்டு!"

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நொடி கொட்டகையே எழுந்து ஓடியது. புழுதி அடங்கியபோது ஒரே ஒரு பெண் மட்டும் தூணோரம் நின்றாள். காதில் இயர்போன் இருந்ததால் நான் கத்தியது விழவில்லை. திரையில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவள் ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் பின் கேட்டுக்குப் போனபோது தண்டலம் வேனின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"இசக்கியா நீ?" என்று கேட்டேன். அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

அவள் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. நான்தான் அந்தப் படங்களை வைத்தவள் என்று சொன்னேன். அவளுக்கு அது சரியாகப் புரிந்ததா தெரியவில்லை. போனை என்னிடம் நீட்டி, "அப்ப நீங்களே தொறந்து காட்டுங்க மேடம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். பஸ் இருக்கும் கட்டங்களை எல்லாம் தொடு என்றது. தொட்டேன். ஒரு கட்டத்தின் மூலையில் கண்ணாடியின் நுனி மட்டும் இருந்தது, அது பஸ்ஸா இல்லையா என்று யோசிப்பதற்குள் படம் மாறிவிட்டது. மறுபடி முயற்சி செய் என்றது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் தோற்றேன்.

"ஒங்களையும் மெஷினுன்னுட்டு மேடம்" என்று அவள் சிரித்தேவிட்டாள்.

இரண்டே முக்கால். மூன்று பத்துக்குப் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள் என்றாள். ஸ்கூட்டரில் ஏறு என்றேன்.

அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் வேலைக்கு உதவும். நான் திரும்பி வந்தபோது பெரிய ஹாஸ்டல்காரர் திரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்து விதியை எடுத்தேன். அறிக்கை தப்பு, கேட் பக்கம்தான் நம்மிடம் அதிகம் பேர் பார்க்கும் பக்கம் என்று முதலாளியிடம் சொன்னேன். "அன்னிக்கு பாட்டுன்னே. இன்னிக்கு பொண்ணுங்கோன்ற. நாளைக்கு இன்னா சொல்லப் போற?" என்று அவர் பொரிந்து தள்ளினார். அவர் கேட்டதில் தப்பில்லை, வாங்கிக்கொண்டேன். மறுநாள் இரண்டரை மணிக்கு அவரையும் அந்தக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வந்தவர் பக்கத்தை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலையை விடும்வரை எந்த வருகையையும் வாசலில் வெட்டவில்லை. சந்தேகம் வந்தால் தனியாக ஒதுக்கி, நாள் போட்டு வைத்தேன். உங்கள் கணினியில் 'சிவப்புத் தொட்டி' என்று ஒரு கோப்புறை இருக்கிறதே, ஏன் அந்தப் பெயர் என்று உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டாராம். இதுதான் காரணம். ஆனால் அந்த நான்கு மாதம் எந்தத் தொட்டியிலும் இல்லை. பழைய வரைபடத்தைத் திறந்தால் அங்கே கோடு இன்றும் வழவழப்பாகத்தான் ஓடுகிறது. அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பயணம்தான் எனக்குள் அடிக்கடி ஓடுகிறது. வல்லம் வடகாலைத் தாண்டியதும் சாலை திறந்துகொண்டது. ஒரு பக்கம் ஏரி, அதில் வெயில் முழுதாகப் படுத்திருந்தது. எங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய கார்களைச் சுமந்து ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது, அந்தத் துணிகள் காற்றில் உப்பி அடங்கின. நான் அவளிடம் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்தேன். முதலில் பதில் வந்தது. பிறகு ஊம் என்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. என் முதுகில் ஏதோ மெதுவாகச் சாய்ந்தது. விடியுமுன் எழுந்து, எட்டரை மணிநேரம் லைனில் நின்றவள், என் தோளில் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. ஒரு கையைப் பின்னால் கொடுத்து அவள் விழாமல் பிடித்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் தண்டலம் வரைக்கும் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கல்லூரி வாசலில் எழுப்பினேன். "வந்துட்டமா?" என்று திடுக்கிட்டு விழித்து, நன்றிகூடச் சொல்லாமல் படியேறி ஓடினாள். ஸ்கூட்டரைத் திருப்பவும் தோன்றாமல் நான் அங்கேயே நின்றேன். வகுப்பு முதல் மாடியில், ஜன்னல் திறந்திருந்தது. ஆசிரியர் ஏற்கெனவே பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பழக்கம்போல எல்லோரும் தமிழில்தான் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பெயராக வந்தது, ஒவ்வொரு குரலாகப் போனது. செருப்புச் சத்தம் ஒன்று மேலே ஓடி நின்றது.

"இசக்கியம்மாள்" என்று கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா."